கொட்டாம்பட்டி ஒயினும் என் பொறாமையும்

தெற்கு ஆஸ்திரேலியாவில் திராட்சை அறுவடை முடிந்து, டேங்குகளைக் கழுவிக் காயவிட்டு, அடுத்த சீசன் வரை வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மதுரையிலிருந்து அந்த போன் வந்தது. பேசியவர் பெரிய பழ வியாபாரி. கொட்டாம்பட்டியைத் தாண்டி, நாவல்பழத்தில் ஒயின் செய்கிற சின்ன ஆலை ஒன்றைத் தொடங்கியிருக்கிறாராம்.

"ஒரு வாரம் வந்து இருந்து பாருங்க தம்பி. உங்க அபிப்பிராயத்தச் சொல்லுங்க. அப்புறம் மத்ததப் பேசுவோம்" என்றார்.

அந்த 'மத்தது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன்.

பழச்சாற்றை ஒயினாக நொதிக்க வைப்பது என் தொழில். ஈஸ்ட் உயிருள்ளது. அதற்குப் பசிக்கும். சூடு கூடினால் சுருண்டு விழும். காலையும் மாலையும் சாற்றின் சர்க்கரை அளவைப் பார்த்து, மேலே மிதந்து வரும் தோலை அமுக்கிவிட்டு, அந்த உயிர்களைப் பக்குவமாக வேலை வாங்குகிற ஆள் நான். இப்போது எங்கள் ஆலையில் டேங்குக்கு டேங்க் கருவி பொருத்திவிட்டார்கள். மேனேஜர் வீட்டில் படுத்துக்கொண்டே போனில் சூட்டைப் பார்க்கிறார், கூட்டுகிறார், குறைக்கிறார். சுற்றுவட்டாரத்தில் ஒயின் விலை போகாமல் கொடிகளைப் பிடுங்கிப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களை சீசனுக்குக் கூப்பிட்டு, சீசன் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். அப்படியிருக்க, சொந்த ஊரில் ஓர் ஆலை, அதற்கு நான் தலைமை என்றால் கசக்குமா? மதுரையில் இறங்குவதற்குள் என் மேசையை எந்த ஜன்னலோரம் போடுவது என்பதுவரை முடிவு செய்திருந்தேன்.

வில்லாபுரத்தில் ஆட்டோ நின்றதும் அப்பா வாசலுக்கு வந்தார். செக்கானூரணிப் பக்கம் இருந்த நிலத்தை விற்றுவிட்டு இங்கே வீடு கட்டிக்கொண்டவர். பக்கத்து வீட்டுக்காரரிடம் என்னைக் காட்டி, "ஆஸ்திரேலியாவுல ஒயின் இன்ஜினியர்" என்றார். அந்த மனிதர் குரலைத் தாழ்த்தி, "சரக்கு எதும் கொண்டாந்திருக்கீகளா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றதும் என் படிப்பின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஆனி மாதத்து வெயில். ஆஸ்திரேலியாவிலும் நாற்பது டிகிரி பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே வெயில் தலையில் அடிக்கும். இங்கே கீழே தார்ரோட்டிலிருந்து கிளம்பி முழங்காலைப் பிடிக்கும். சாயங்காலம் கடைத்தெருவில் பரோட்டா சாப்பிட்டேன். கடைக்காரர் சால்னாவை ஊற்று ஊற்றென்று ஊற்றினார். அங்கே ஒரு சின்னக் கிண்ணம் கூடுதல் சாஸ் கேட்டாலே பில்லில் ஏற்றிவிடுவார்கள்.

மறுநாள் காலையில் மாட்டுத்தாவணிக்குப் போய், திருச்சி பஸ் ஒன்றில் ஏறி உட்கார்ந்தேன். கொட்டாம்பட்டிக்கு டிக்கெட் கேட்டதும் கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது கொட்டாம்பட்டிக்குள்ள போகாதுண்ணே. ஏறும்போதே கேக்க மாட்டீங்களா?"

"ரோட்டுல நிறுத்துங்கண்ணே, இறங்கிக்கிறேன்."

"பாலத்து மேல எங்கிட்டு நிறுத்த? துவரங்குறிச்சில எறங்கித் திரும்பி வாங்க."

பின் சீட்டில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "வெளியூருக்காரு போல, பாவம்" என்று எனக்காக வருத்தப்பட்டார். பசுமலையில் கல்லூரிப் படிப்பு முழுவதையும் முடித்த என்னைப் பார்த்து வெளியூர்க்காரன் என்றதும் சுருக்கென்றது. கொட்டாம்பட்டி என் கண்ணெதிரே பாலத்துக்குக் கீழே வந்தது, போனது. துவரங்குறிச்சியில் இறங்கி ஒரு டீயைக் குடித்துவிட்டு, ஊர் ஊராக நின்று வந்த டவுன் பஸ்ஸில் திரும்பினேன். ஆலை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை பிழிகிற மாதிரி இருந்தது.

ஆலை என்றால் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். வாசலில் கூடை கூடையாக நாவல்பழம். உள்ளே வரிசையாக ஸ்டீல் டேங்குகள். ஈஸ்ட் வேலை செய்யும்போது சாற்றிலிருந்து 'உஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் வரும். அதைக் கேட்டதும் என் களைப்பு போய்விட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னடா சரவணா, முதலாளி சொன்ன ஃபாரின்காரரு நீதானா?"

ரப்பர் பூட்ஸும், தலையைச் சுற்றிக் கட்டிய துண்டும், கை முழுக்க நாவல் கறையுமாகத் தனலட்சுமி நின்றாள். பசுமலைக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி வகுப்பில் என்னோடு படித்தவள். இந்தப் பக்கத்துக்காரி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அந்தக் காலத்தில் ஊரார் வயலில் கூலிக்குப் போனவர்கள். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் கம்பம் பக்கம் பன்னீர் திராட்சை ஒயின் செய்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, தொழிலை அங்கேயே கற்று, இந்த ஆலை தொடங்கியபோது இங்கே வந்துவிட்டாளாம்.

"இங்க என்ன வேலை பாக்குற தனம்?"

"என்ன வேலையா? இம்புட்டும் என் வேலைதான்" என்று கையை வீசி எல்லா டேங்குகளையும் காட்டினாள். பிறகு, ஜன்னலோரம் கிடந்த மேசையின் மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். அது அவளுடைய மேசை.

அன்று நான் சுற்றிப் பார்த்தது எதுவும் சரியாக மனதில் ஏறவில்லை. அவள் அடக்கமாகப் பேசுகிற ஆள் இல்லை. "இது போன வருசத்து சரக்கு, குடிச்சுப் பாரு, உங்க ஊருல இந்தக் கலரு வருமா?" என்று கண்ணாடி டம்ளரை நீட்டினாள். வாயில் வைத்தேன். கருநீலம், நல்ல துவர்ப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் பழத்தின் மணம். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் எனக்கு மனம் வரவில்லை. "கொஞ்சம் துவர்ப்பு ஜாஸ்தி" என்றேன்.

"நாவல்பழம்னா துவர்க்காம? இனிக்கணும்னா கரும்புச் சாறு குடி" என்று சிரித்தாள்.

ராத்திரி சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னேன். தோசையைப் பிட்டுக்கொண்டே, "யாரு அந்தப் பொண்ணு? எந்தூரு? அவங்க அப்பா என்ன பண்றாரு?" என்று வரிசையாகக் கேட்டார். அந்தக் கேள்விகள் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். பதில் சொன்னேன். "ஓகோ" என்றார். அந்த ஓகோவில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல் கிடைத்தது. உடனே சாப்பாடு இறங்காதவன் மாதிரி எழுந்து கை கழுவினேன்.

அடுத்த நாள் மதியம் அவளோடு சாப்பிட்டேன். அவள் தூக்குவாளியைத் திறந்ததும் அயிரை மீன் குழம்பு வாசம் ஆலையையே நிறைத்தது. ஆஸ்திரேலியாவில் என் மதியச் சாப்பாடு பம்புக்குப் பக்கத்தில் நின்றபடி விழுங்குகிற குளிர்ந்த ரொட்டி. இவளுக்கு வாளியில் வீட்டுக் குழம்பு. எனக்குச் சரிபாதி ஊற்றிவிட்டாள். குழம்பிலும் பொறாமைப்பட முடியும் என்பதை அன்று கண்டுகொண்டேன்.

"கல்யாணம் பேச வந்தப்ப எங்கம்மா, 'பிள்ளை ஜூஸ் கம்பெனியில வேலை பாக்குது'ன்னு சொல்லிருச்சு" என்றாள். "தாலி கட்டுனதுக்கு அப்புறம்தான் அவருக்கு ஒயின்னு தெரியும். நாலு நாள் பேசல. இப்ப அவரே மேலூரு பூரா பெருமையாச் சொல்லிட்டுத் திரியுறாரு."

"இந்தத் தொழில் இங்கே நிக்குமா தனம்?"

"எதுக்கு நிக்காது? ஓட்டல்காரங்க கேக்குறாங்க, ஊரு சுத்திப் பாக்க வர்றவங்க கேக்குறாங்க. சீசனுக்கு மரத்தடியில கொட்டி வீணாப் போற பழம் எம்புட்டுனு நெனைக்கிற? அரசாங்கம் சட்டத்த மாத்துனா கஷ்டம்தான். மாத்தும்போது பாத்துக்கலாம்."

"கருவி வந்துட்டா? எங்க ஊர்ல எல்லாம் போன்லயே பாக்குறாங்க."

"வரட்டுமே. கரண்டு போற ஊருல அது எம்புட்டுத் தூரத்துக்குப் பாக்கும்? அதுக்கும் சேத்து ஒரு ஆளு வேணும்ல" என்று குழம்பை வழித்துச் சாப்பிட்டாள்.

அவள் பேச்சில் 'நான்', 'என் டேங்கு', 'அடுத்த வருசம்' என்ற வார்த்தைகள் சாதாரணமாக வந்து விழுந்தன. அடுத்த வருடம் என்கிற சொல்லை நான் உபயோகித்து ரொம்ப நாளாயிற்று.

அதற்கு மறுநாள் நான் முன்கூட்டியே போய்விட்டேன். மகளை மேலூரில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் தனம் வருவாள். பழம் நசுக்குகிற இடத்தில் பீகார்க்காரர்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பஞ்சாபிகளோடு வேலை பார்த்ததில் எனக்கு இந்தி புரியும். அது அவர்களுக்குத் தெரியாது.

"இந்த வெளிநாட்டு சார் எதற்கு வந்திருக்கிறார்?" என்றான் ஒருவன்.

"தெரியவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தாயா? சாப்பிடுகிற தட்டை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கிறார்" என்றான் மற்றவன்.

காது சுட்டது. விறுவிறுவென்று டேங்குகளின் பக்கம் போனேன். கோடியில் இருந்த டேங்கின் சின்னக் குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்து மூக்கருகே கொண்டுபோனேன். லேசாக அழுகிய முட்டை வாடை. இன்னொரு முறை மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. ஈஸ்ட்டுக்குச் சத்து போதாவிட்டால் இந்த வாடை கிளம்பும். அன்றே கவனித்தால் காப்பாற்றிவிடலாம். விட்டால் டேங்க் முழுவதும் சாக்கடைக்குத்தான்.

தனத்துக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். போன் கையில்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் உள்ளே வந்தது.

"சார், கடைசி டேங்க் கெட்டுப்போகப் பாக்குது" என்றேன். சொல்லும்போது அந்த வாக்கியம் நாக்கில் இனித்தது. நான் சொன்னது மறைக்காமல் சொல்லவேண்டிய உண்மை. ஆனால் இனித்ததும் உண்மை.

தனம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் வராததுமாக, வேலையாட்களுக்கு முன்னால் முதலாளி பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா தனலட்சுமி, இதக் கண்டுபிடிக்க ஆஸ்திரேலியாவுல இருந்தா ஆள் வரணும்?"

அவள் டம்ளரை வாங்கி மோந்தாள். முகம் மாறிவிட்டது. முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "சரி பண்ணிரலாம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, துண்டை எடுத்துத் தலையில் கட்டினாள்.

முதலாளி நகர்ந்ததும், "சத்து மருந்து எங்கே வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"வச்சிருந்தாப் போட்டிருக்க மாட்டேனா? சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியிருந்து கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. 'பழத்துல இல்லாத சத்தா'ன்னு கேக்குறாரு. மிச்சம் இருந்தத மத்த டேங்குகளுக்குப் பிரிச்சுப் போட்டேன். இதுக்குப் பத்தல."

எனக்கு ஒன்று தோன்றியது. "பேக்கரியில ரொட்டிக்குப் போடுற ஈஸ்ட் கிடைக்கும்ல? அதைக் கொதிக்க வெச்சுக் கொன்னு உள்ள ஊத்துவோம். செத்த ஈஸ்ட்டு உயிரோட இருக்கிற ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு."

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அடுத்த நொடி மேலூரில் இருந்த கணவருக்கு போன் போட்டு, "ஏங்க, பேக்கரிக்குப் போங்க, இருக்கிற ஈஸ்ட்ட பூரா வாங்கிட்டு வெரசா வாங்க" என்றாள்.

மதியம் முழுக்க வேலை. சாற்றைக் கீழிருந்து உருவி, காற்றுப்படும்படி மேலே தெளித்துத் தெளித்து விட்டோம். அவள் பம்பைப் பார்த்தாள், நான் குழாயைப் பிடித்தேன். முகம், சட்டை, செருப்பு எல்லாம் கருநீலம். ஈஸ்ட் கஞ்சி கொதித்து ஆறியதும் இரண்டு பேருமாகத் தூக்கி ஊற்றினோம். அந்த நேரம் முழுவதும் அவள் என்னோடு ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. ஆனாலும் சொல்கிறேன், பல வருடங்களில் நான் இவ்வளவு சந்தோஷமாக வேலை பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் வாடை பெரும்பாலும் போயிருந்தது. தோல் மேலெழுந்து திமிறிக்கொண்டிருந்தது. டேங்கில் காதை வைத்துக் கேட்டேன். உஸ்ஸ்.

அன்று மாலை முதலாளி தன் காரிலேயே என்னை மதுரைக்குக் கூட்டிவந்தார். மேலூர் தாண்டியதும் டயர் பஞ்சர். டிரைவர் ஜாக்கியைத் தேடிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் புளியமரத்தடியில் இளநீர் குடித்தபடி நின்றோம்.

"தம்பி, நேராவே கேக்குறேன். பொறுப்ப நீங்க எடுத்துக்கங்க. வெளிநாட்டு அனுபவம்னு சொன்னா ஓட்டல்காரங்ககிட்டயும் பேரு கிடைக்கும்."

"தனலட்சுமி?"

"அது எங்க போகப்போகுது? உங்களுக்குக் கீழே இருக்கட்டும்."

நான் கேட்க வந்த 'மத்தது' இதுதான். ஜன்னலோரத்து மேசை. அடுத்த வருடம் என்று சொல்கிற உரிமை. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது, டம்ளரை மோந்ததும் அவள் என்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்து தொலைத்தது.

"சார், அந்த டேங்க் கெட்டது அவளால இல்ல. சத்து மருந்து கேட்டிருக்கா, நீங்க வாங்கித் தரல. நான் இருந்தாலும் அது கெட்டுத்தான் போயிருக்கும்."

முதலாளி இளநீரை ஓரமாக வைத்தார். "அப்ப தப்பு என்மேலங்கிறீங்க."

"ஆமா சார்."

மாட்டுத்தாவணி வரை அவர் போனில் யாரிடமோ பழ விலை பேசிக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "பாப்போம் தம்பி" என்றார். அந்தப் பார்ப்போமுக்கு என்ன அர்த்தம் என்று தமிழ் தெரிந்த எவருக்கும் தெரியும். வில்லாபுரம் போகிற பஸ்ஸில், நல்லது செய்துவிட்டேன் என்ற நிம்மதி வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேலை போச்சே என்பதுதான் வந்தது.

ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் தனம் போன் செய்தாள். ஏதோ வேலையாகப் பசுமலைக்கு வந்திருக்கிறாளாம். "வெரசா வா, உங்கிட்டக் கொஞ்சம் கேக்கணும்."

கல்லூரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று எண்ணி, எப்படி அடக்கமாகப் பதில் சொல்வது என்பதைக்கூடத் தயார் செய்துகொண்டு போனேன்.

"எனக்காகப் பேசச் சொல்லி உன்னைய யாருடா கூப்பிட்டா?" என்றாள், டீயைக் கையில் கொடுத்தவுடனே.

நான் டீயை ஊதத் தொடங்கினேன்.

"வாடை வந்தா எங்கிட்டச் சொல்லணும். அத முதலாளிகிட்டச் சொன்ன. மருந்து விசயத்த முதலாளிகிட்ட நான் சொல்லணும். அத நீ போயிச் சொன்ன. ரெண்டையும் மாத்திச் செஞ்சிருக்க. எனக்கு வாய் இல்லையா?"

"தப்புதான் தனம்."

"தப்புதான். அவரு எங்கிட்டக் கத்துனாரு. நானும் கத்துனேன். டேங்க் ரூமுல நின்னு ஆளுக்கு ஆளு கத்துனோம். கடைசியில, 'இனிமே மருந்து, ஈஸ்ட்டு எல்லாத்தையும் நீயே வாங்கித் தொலை'ன்னுட்டாரு. அத வாங்கத்தான் வந்திருக்கேன்." காலடியில் இருந்த அட்டைப் பெட்டியைக் காட்டினாள். பிறகு டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "அந்த பேக்கரி ஈஸ்ட்டு யோசனை நல்ல யோசனை" என்றாள்.

அவள் போன் அடித்தது. முதலாளி. "இல்ல சார்... நான் சொன்னதுதான் சார் சரி... வந்து பேசிக்கிறேன் சார்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி பேசினாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் வேலை பார்க்கும் ஆலையில் யாரும் என்னிடம் கத்தியதில்லை. எல்லோரும் அவ்வளவு மரியாதை. நானும் யாரிடமும் கத்தியதில்லை. கத்தினால் அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டார்கள். இவளுக்கு நின்று சண்டை போட ஓர் இடம் இருக்கிறது. சண்டை போட்டுவிட்டு மறுநாள் காலையில் அதே இடத்துக்குப் போகலாம். மேசையைவிட, அயிரைக் குழம்பைவிட, அந்த ஒன்றின் மேல்தான் எனக்குப் பொறாமை பொங்கியது.

போனை வைத்துவிட்டு, "அடுத்த வருசம் டேங்கு கூடுது. கூட ஒரு ஆள் எடுத்துக்கன்னு சொல்லிருக்காரு. எனக்குக் கீழதான். உனக்குச் சம்மதம்னா சொல்லு. இல்லன்னா வேற ஆளு பாக்கணும்" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

டீக்கடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அவளுக்குக் கீழே. அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டும். அவர் ஓகோ என்பார். பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது சொல்வார். எல்லாவற்றையும் யோசித்தேன். பிறகு போனை எடுத்து, 'வாரேன்' என்று ஒரே வார்த்தையை அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'ஊருக்குப் போயிட்டு வாரேன்னு சொல்றியா? இல்ல, வேலைக்கு வாரேன்னு சொல்றியா?'

'வேலைக்கு' என்று அடித்து அனுப்பினேன். பொறாமை அப்போதும் அப்படியேதான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று இன்னொரு டீ சொன்னேன்.